பின்கேட்

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் புதுக் கண்டக்டர்கள் முழிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் யாராவது, "ஹார்ட்டு ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்தான்பா" என்று எடுத்துக்கொடுப்பார். உடனே டிக்கெட் கிழியும். ஊருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டிலும் கோயில் மணியிலும் அது இன்னும் இருக்கிறது, ரோட்டில் இல்லை. சில பேருக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. பெயரைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? மனுஷனையே காப்பாற்றத் தெரியாத ஊர்.

நான் ரிஷிவந்தியம் பக்கத்தில் பிறந்தவள். இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டேன். இங்கேயே ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே நீளத் தெரு. கிழக்கே மந்தையும் மாரியம்மன் கோயிலும் ஏரியும். மேற்குக் கோடியில் கடைசி வீடு எங்களுடையது. எங்கள் வீட்டைத் தாண்டினால் களம். களத்தைத் தாண்டி ஒரு மேட்டுக்காடு. அதற்கு அந்தப் பக்கம் கோமுகி ஆறு, ஆற்றங்கரையில் சுடுகாடு. எல்லாவற்றுக்கும் பின்னால் கல்வராயன் மலை. கரும்பும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற சனங்கள்.

கல்யாணமாகி வந்த மறுநாள் எனக்குச் சொல்லப்பட்ட முதல் விஷயம் அந்தப் பாதையைப் பற்றித்தான். களத்திலிருந்து மேட்டுக்காட்டின் நடுவே ஆற்றுக்குப் போகும் ஒற்றைப் பாதை. அதில் பாடை மட்டும்தான் போகும். பாடையோடு போகிறவர்கள்கூட அந்த வழியாகத் திரும்பமாட்டார்கள். ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டு, கரையோடு சுற்றி மந்தை வழியாக ஊருக்குள் வருவார்கள். வயலுக்குப் போகிறவர்கள் வரப்பில் வழுக்கி விழுந்தாலும் விழுவார்களே தவிர அந்தப் பாதையில் கால் வைக்கமாட்டார்கள். யாரோ ஒரு புதுமாப்பிள்ளை விவரம் தெரியாமல் அதில் நடந்துபோய், ஆடி மாதம் பாம்பு கடித்துச் செத்தானாம். எந்த மாப்பிள்ளை, எந்த வீட்டுக்காரன் என்று கேட்டால் ஆளுக்கொரு வீட்டைக் காட்டுவார்கள். பாம்பு ஆடியில் கடிக்காமல் வேறு எப்போது கடிக்கும் என்று நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "படிச்சவளாச்சேன்னு எல்லாத்துலயும் வாய விடாத மே" என்றார். 'மே' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

அந்த மேட்டுக்காடு டாக்டர் வீட்டு நிலம். டாக்டர் இந்த ஊரில் பிறந்தவர்தான். அவர் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது, மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அவருடைய அப்பாவுக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. மாட்டு வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து, லாரி பிடித்துக் கள்ளக்குறிச்சி போய், இங்கே முடியாது என்று சொல்ல, அங்கிருந்து புதுச்சேரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. மகன் அதை மறக்கவில்லை. பெரிய ஊர்களில் பெயரெடுத்து, தலை நரைத்த பிறகு திரும்பி வந்து, இதயத்துக்கு மட்டுமே ஒரு ஆஸ்பத்திரி, அதுவும் இந்த மேட்டுக்காட்டில் கட்டப்போகிறேன் என்று நின்றார். எல்லோரும் அவருக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தோம். அடிக்கல் நாட்டின அன்று மந்தையில் நின்று, "எங்கப்பா ரோட்டுல செத்தாரு. இனிமே இந்த ஊர்ல ஒருத்தரும் ரோட்டுல சாவக்கூடாது" என்றார். முன்வரிசையில் நின்ற என் வீட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே மனுஷன்தான் கொஞ்ச நாளில் டாக்டரின் ஜேசிபிக்கு முன்னால் போய்ப் படுத்தார்.

சுற்றுச்சுவர் எழும்பினபோதுதான் ஊருக்குச் சுருக்கென்றது. சுவர் பாடைப் பாதையை மறித்துக்கொண்டு வந்தது. மேற்கே போகாத பிணம் எங்கே போகும்? டாக்டர் சுவருக்கு வெளியே சுற்றி ஒரு தார் ரோடே போட்டுத் தருகிறேன் என்றார். ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டன் போன வழியில்தான் பேரனும் போகணும் என்று ஊர் நின்றது. அந்த ஊருக்கு வாயாக என் வீட்டுக்காரர் நின்றார். தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது. பஞ்சாயத்து போர்டில் பேசிப் பேசி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊர்ப்பக்கச் சுவரில் ஒரு இரும்புக் கேட். ஆற்றுப்பக்கம் இன்னொரு கேட். சாவு விழுந்தால் இரண்டையும் திறந்துவிட வேண்டும். மேளம் கேட்டோடு நிற்கும். உள்ளே வெடி கிடையாது, பூ இறைக்கக் கூடாது, யாரும் சத்தமாக அழவும் கூடாது. மற்ற நாளெல்லாம் பூட்டு.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் கேட்டைப் பற்றி இருந்த பெருமை, பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட இருந்ததில்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக் கூப்பிட்டு, கீலுக்கு கிரீஸ் போடச் சொல்வார். போகிறவர்கள் நிம்மதியாகப் போகணும், கேட் கிறீச்சென்று கத்தக் கூடாது என்பார். வாட்ச்மேன் காலனியைச் சேர்ந்த மனுஷர். அவர்களுடைய சுடுகாடு வேறு, வழி வேறு. எங்கள் பிணங்களுக்குக் கதவு திறக்கும் வேலை அவருக்கு வந்து சேர்ந்தது. இந்த ஊரில் எது யார் தலையில் விழும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது, ஆஸ்பத்திரி வந்தும் அது மாறவில்லை.

ஆஸ்பத்திரி வளர்ந்தது. மெயின் ரோட்டைப் பார்த்த முன்கேட்டில் ஆம்புலன்ஸுகள் வந்தபடி இருந்தன. இட்லிக் கடை, மருந்துக் கடை, நோயாளிகளோடு வருகிறவர்களுக்கு வாடகை அறை என்று ரோட்டோரம் மாறிப்போயிற்று. தூரத்துக் களமருதூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். மலையிலிருந்து வந்தவர்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வண்டி ஏறாத குக்கிராமங்களிலிருந்து, மூங்கிலில் கம்பளியைக் கட்டி அதில் ஆளைப் படுக்கவைத்து, மாற்றி மாற்றித் தோள் கொடுத்துக் காட்டில் இறங்கி வந்து, அடிவாரத்தில் கிடைத்த வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். அப்படி வந்த ஒரு அம்மா பிழைத்து, தானே நடந்து போய் பஸ் ஏறினதைப் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கையில் ஒரு ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தாள்.

எங்கள் ஊருக்கும் ஆஸ்பத்திரி எவ்வளவோ செய்தது. வருஷா வருஷம் மந்தையில் முகாம். நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, தாடையில் வலி, குப்பென்று வேர்வை, இதெல்லாம் வந்தால் வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே வாருங்கள், ஒவ்வொரு நிமிஷமும் உயிர் என்று சொல்லிச் சொல்லி எங்கள் பிள்ளைகளுக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அதனால் என் வீட்டுக்காரர் தெரியாமல் செத்தார் என்று சொல்லி என்னால் மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது. அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

மாசி மாதம், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். வெட்டு ஆட்களுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு, "ஏ மே, எனக்கு அது வந்துட்டுச்சி" என்றார். என்ன என்று நான் கேட்கவே இல்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

எங்கே ஓடினேன்? களத்தைத் தாண்டி அந்தக் கேட்டுக்குத்தான். எனக்கு வேறெந்த வழியும் தோன்றவில்லை. இரும்பைக் கையால் அடித்துக் கத்தினேன். வாட்ச்மேன் உள்ளேயிருந்து, "யாரு வூட்லம்மா சாவு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "சாவில்லப்பா, அவருக்கு நெஞ்சுவலி, தொற" என்றேன். மனுஷர் ஒரு நொடி தயங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார். கேட் சத்தமில்லாமல் திறந்தது, போட்ட கிரீஸ் அப்படி. உள்ளே நெட்டிலிங்க மரங்களின் வரிசை, அதற்கு அடுத்தாற்போல் கண்ணாடிக் கதவு, கதவின் மேலே சிவப்பு எழுத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு. எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து மாட்டுக் கொட்டகை எவ்வளவு தூரமோ அவ்வளவுதான். இத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு எனக்கு அது தெரியாது. சாவுக்கு வந்து நிற்கிற நாளில் பாடையைத்தான் பார்த்திருக்கிறேன், கதவைப் பார்த்ததில்லை.

"ஸ்ட்ரெச்சர் கொண்டாரச் சொல்றேன் டீச்சர், நீங்க அவர தூக்கிகினு வாங்க" என்று வாட்ச்மேன் உள்ளே ஓடினார்.

நான் திரும்பினபோது தெருவே எங்கள் வாசலில் நின்றது. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன், எனக்குக் கொழுந்தனார், தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்காரரை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "பின்கேட்டு தொறந்து கீது, அப்படியே தூக்கிகினு போங்க" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. ஆட்டோக்காரர் கேட்டின் பக்கம் பார்த்தார், அது விரியத் திறந்து கிடந்தது. அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"இன்னா அண்ணி பேசறீங்க? உயிரோட கீற மனுசன அந்த வழில கொண்டுபோவாங்களா? போய் அத மூடச் சொல்லுங்க மொதல்ல."

பெண்கள் சிலர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார்கள். வலிக்காக இல்லை. ஆள் இருக்கும்போதே கேட் திறந்துவிட்டதே, அதற்காக. நான் ஆட்டோவில் ஏறி அவர் கையைப் பிடித்தேன். நீங்க சொல்லுங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க, இவங்க கேப்பாங்க என்றேன். அவர் கேட்டைப் பார்த்தார். தான் வாங்கிக் கொடுத்த கேட். என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியின் பலத்தைப் பார்த்து, இவர் பிழைத்துக்கொள்வார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"அந்த வழி வாணாம் மே" என்றார். "சுத்தியே போவட்டும். பயமா கீது."

அவர் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதற்கு மேல் யாரிடம் சண்டை போடுவது?

தெரு முழுக்கக் கிழக்கே போய், மந்தையைத் திரும்பி, ஏரிக்கரையில் ஏறி, மதகுப் பாலத்தைத் தாண்டினால்தான் மெயின் ரோடு. அங்கிருந்து மறுபடி மேற்கே வந்தால் முன்கேட். மதகுப் பாலத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. முதல் வண்டியின் டிரெயிலர் சக்கரம் ஓரத்தில் இறங்கி, கரும்புக் கட்டுகள் ரோட்டில் சரிந்து கிடந்தன. எல்லோரும் இறங்கிக் கரும்பை இழுத்துப் போட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, டிராக்டர்காரர்கள், போகிற வருகிறவர்கள் எல்லோரும் உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். கேட்டின் வழியாக ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு போக மாட்டாதவர்கள், ஒரு டிராக்டர் கரும்பைக் கையால் அள்ளினார்கள். நான் ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் கையைப் பிடித்திருந்த கை தானாக விட்டுப்போயிற்று. அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி மாடியில் இருந்த சிவப்பு இதயப் பலகை நன்றாகத் தெரிந்தது.

உள்ளே கொண்டுபோன பிறகு அவர்கள் விடவில்லை. நெஞ்சை அழுத்தினார்கள், ஷாக் கொடுத்தார்கள். பிறகு ஒரு சின்ன வயசு டாக்டர் வெளியே வந்தார். தலை குனிந்து சொன்னார். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், "ரொம்பத் தூரத்திலிருந்து வரீங்களாம்மா?" என்று கேட்டார்.

நான் ஜன்னலைக் காட்டினேன். நெட்டிலிங்க மரங்களுக்கு அந்தப் பக்கம், சுவருக்கு மேலே எங்கள் மொட்டை மாடி தெரிந்தது. காலையில் நான் காயப்போட்டிருந்த அவருடைய வேட்டி கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. சின்ன டாக்டருக்குப் புரியவில்லை. அவருக்குப் பின்னால் பெரிய டாக்டர் வந்து நின்றிருந்தார். அவருக்குப் புரிந்தது. சுவரில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் எடுத்தார்கள். மேளம் கேட்டோடு நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஆண்கள் பாடையோடு உள்ளே நுழைய, நாங்கள் கேட்டுக்கு வெளியே களத்தில் நின்றோம். வாட்ச்மேன் கேட்டைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் நின்றார். என் மகன் நெருப்புச் சட்டியோடு முன்னால் போனான். பாடை அந்தக் கண்ணாடிக் கதவைத் தொட்டுவிடும்போல அதை ஒட்டிப் போயிற்று. கதவருகே ஒரு ஸ்ட்ரெச்சர் இருந்தது. நர்ஸ் ஒருத்தி அதை ஓரமாக இழுத்து வழிவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

காரியம் முடிந்து கொஞ்ச காலம் ஆன பிறகு பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அந்தக் கேட்டை எப்போதும் திறந்து வையுங்கள், நோயாளிகள் வரும் வழி என்று பலகை மாட்டுங்கள், இரண்டு தலைமுறை போனால் சனங்களுக்குப் பழகிவிடும் என்றேன். அவர் ஊரைக் கூட்டிப் பேசினார். மந்தையில் பெரிய சத்தமாகிவிட்டது. ஆட்டோ ஓட்டின அதே கொழுந்தனார்தான் எழுந்து நின்றார். "அண்ணன் படுத்துப் பொரண்டு வாங்கிக் குடுத்த வழி அது. அதுல நோயாளியும் வண்டியும் போயிகினு வந்துகினு இருந்தா, நாளைக்கி நாம எங்கங்க போறது? அண்ணிக்கு மனசு சரியில்ல, வுடுங்க" என்றார். கூட்டம் ஆமாம் என்றது. அவர்களில் ஒருவருக்கும் என்மேல் கோபமில்லை. பரிதாபம்தான். கோபப்பட்டிருந்தால் எதிர்த்தாவது பேசியிருப்பேன்.

கூட்டம் கலைந்த பிறகு டாக்டரிடம், ஊர் கிடக்கட்டும், நீங்கள் ஒருத்தராவது தினமும் அந்த வழியாக நடந்து வாருங்கள், உங்களைப் பார்த்தாவது நாலு பேருக்குத் துணிச்சல் வரும் என்றேன். அவருடைய பூர்வீக வீடு எங்கள் தெருவில்தான் இருக்கிறது. தினமும் காரில் மந்தையைச் சுற்றிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

"எங்கப்பாவையும் அந்த வழிலதான்மா எடுத்துக்கினு போனாங்க" என்றார். "எத்தனையோ நெஞ்சத் தொறந்து பார்த்துட்டேன். அந்த வழில நடக்கணும்னு நெனச்சா கால் வர மாட்டேங்குது."

எனக்கு அவர்மேல் இருந்த கடைசி நம்பிக்கையும் அன்று போயிற்று. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, என் வீட்டுக்காரர் செத்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

அதற்குப் பிறகும் எங்கள் தெருவிலிருந்து ஆட்டோக்கள் மந்தையைச் சுற்றித்தான் போகின்றன. சில பேர் பிழைத்து வருகிறார்கள், சில பேர் வருவதில்லை. வராதவர்களுக்குக் கேட் திறக்கிறது. மலைக்காரர்கள் இன்னமும் கம்பளி கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பொறாமை என்று எழுத வெட்கப்படவில்லை.

இந்த வருஷம் எனக்கும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, அடைப்பு இருக்கிறது, மாத்திரையில் சமாளிப்போம், உடம்புக்கு ஏதாவது செய்தால் உடனே வந்துவிட வேண்டும் என்றார்கள். பொங்கலுக்கு மகன் சென்னையிலிருந்து வந்தான். கம்பெனியில் பெரிய வேலை, விவரமானவன். அவனாவது புரிந்துகொள்வான் என்று ராத்திரிச் சாப்பாடு பரிமாறும்போது சொன்னேன். "டேய், எனக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா சுத்தாத. யார் இன்னா சொன்னாலும் கேக்காத. பின்கேட்டத் தொறக்கச் சொல்லி என்னத் தூக்கிகினு போ. அப்பாவ எடுத்தன்னைக்கி அந்தக் கதவ நீயும்தான பார்த்த."

அவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. முகம் சுருங்கிப்போயிற்று. கண்ணில் தண்ணீர் நின்றது. என்மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளை.

"நல்ல நாளும் அதுவுமா இன்னாம்மா பேச்சு இது" என்றான். "நீ உயிரோட இருக்கறப்ப உன்ன அந்த வழில நான் கொண்டுபோவனா?"

நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.